காதால் படித்தவன்

என் பெஞ்சு நண்பன் எனக்கு மாணவனாக வந்து உட்கார்ந்தபோது எங்கள் இரண்டு பேருக்குமே மீசை நரைத்திருந்தது. பள்ளியில் ஒரே பெஞ்சு. சுவரோரம் அவன், நடையோரம் நான். இப்போது எங்களுக்கு நடுவில் ஒரு மேசை வந்திருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கக் கால் கூசியது. எனக்கு எப்போதுமே ஓரிடத்தில் நிற்க வராது. அன்று வகுப்பு முடியும்வரை ஜன்னலுக்கும் கரும்பலகைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே, தங்கச் சுரங்கம் கொட்டிவிட்டுப் போன சயனைடு மண்மேடு. காற்று அடித்தால் அதன் மேல்தோல் மட்டும் கிளம்பி, யாரோ சாம்பல் நிறத் துணியை உதறியது மாதிரி, ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் போய் விழும். பாடம் நடத்துகிறவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் மாணவர்கள் சிரிப்பார்கள். அன்று அவன் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் நாள் ஸ்கூலுக்கு வந்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

எங்களுடையது சிறிய சமுதாயக் கல்லூரி. வேலைக்குப் போகிறவர்கள், வேலை போனவர்கள், பிள்ளை பெற்று வளர்த்துவிட்டு வந்தவர்கள், பத்தாவது தேறாமல் நின்றவர்கள், எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் டிப்ளமோ வகுப்பு. நான் மணிக்கணக்குக்குக் கூலி வாங்கும் ஆங்கில ஆசிரியன். மீதி நேரத்தில் நாலு வரி எழுதுவேன். ஊரில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, நானும்தான்.

முன்பெல்லாம் டிப்ளமோவில் நேராகச் சேர முடியாது. ஆங்கிலமும் கணக்கும் போதாதவர்கள் பிரிட்ஜ் கோர்ஸ் முடிக்க வேண்டும். அதில் மூன்று படி. ஒவ்வொரு படியும் ஆறு மாதம். மூன்றையும் தாண்டினால்தான் தொழிற்பாடம் கண்ணில் படும். ஒயர் என்ன, ஃப்யூஸ் என்ன என்று கற்றுக்கொள்ள வந்தவன் ஒன்றரை வருஷம் பின்னக் கணக்கும் இறந்தகாலமும் போட்டுக்கொண்டிருப்பான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. அடித்தளம் கெட்டியாக இருக்கட்டும் என்றுதான் செய்தார்கள். ஆனால் நான் அங்கே பார்த்தது வேறு. தேர்வில் தோற்றுப்போனவர்கள் குறைவு. வராமல் போனவர்கள்தான் அதிகம். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் ஒரு விடுமுறை வரும், அந்த இடைவெளியில் வாழ்க்கை புகுந்துவிடும். ஒருத்திக்கு வெளியூரில் மாப்பிள்ளை அமையும். ஒருவனுக்கு ஷிப்ட் மாறும். ஒருவனுடைய அம்மா படுத்துக்கொள்வாள். வருகைப் பதிவைக் கூப்பிடும்போது பதில் வராத பெயர்களைச் சொல்லிச் சொல்லி எனக்கு ஒரு கட்டத்தில் அவை செத்தவர்களின் பெயர்கள் போல ஆகிவிட்டன. அவர்களோ கடைத்தெருவில் உயிரோடு எதிரே வருவார்கள். வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள்.

என் நண்பனும் அப்படி இரண்டு தடவை வந்து போனவன். அப்போது அவனுக்கு வகுப்பெடுத்தவர் வேறொருவர். முதல் தடவை ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் முடிந்து சின்ன எழுத்துக்கு வரும்போது அவனுடைய அப்பாவின் நெஞ்சு கெட்டுப்போனது. சுரங்கத்துக்குள் இருபத்தைந்து வருஷம் குடித்த தூசி. மூச்சு விட்டால் விசில் சத்தம் வரும். ஆஸ்பத்திரி வாசலிலேயே அவனுக்கு அந்த வருஷம் போனது. இரண்டாம் தடவை மறுபடி முதலிலிருந்து. மறுபடி பெரிய எழுத்து. சின்ன எழுத்து பாதி ஆகும்போது பெங்களூரில் அவனுக்கு ஞாயிறு ட்யூட்டி போட்டுவிட்டார்கள்.

பெங்களூரில், ஒயிட்ஃபீல்டு பக்கம், பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றில் அவன் லிஃப்ட் ஆட்களோடு வேலை செய்துகொண்டிருந்தான். கயிற்றுக்கு கிரீஸ் போடுவது, மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது. முக்கியமாக, மாட்டிக்கொண்டவர்களோடு இன்டர்காமில் பேசிக்கொண்டே இருப்பது. இருட்டுப் பெட்டிக்குள் அழுகிற ஆளை ஆங்கிலத்தில் சமாதானப்படுத்த அந்தக் குழுவில் அவனை விட்டால் ஆளில்லை. ஆனால் கம்பெனி புதிதாக ஒன்று சொல்லிவிட்டது: இனிமேல் டிப்ளமோ இல்லாதவர் மெஷின் ரூமுக்குள் கால் வைக்கக்கூடாது. இருக்கும் கான்ட்ராக்ட் முடியும்வரை அவகாசம், ஞாயிறு ட்யூட்டியும் இல்லை. அதாவது ஒரு வருஷம். அதற்குள் தாளோடு வந்தால் லிஃப்ட். இல்லாவிட்டால் துடைப்பம்.

பழைய முறை இருந்திருந்தால் அந்த ஒரு வருஷத்தில் அவன் இரண்டாம் படியில் நின்றுகொண்டிருப்பான். அந்தச் சமயத்தில்தான் கல்லூரிக்குப் புதிய முதல்வர் வந்தார். ஹுப்பள்ளிப் பக்கத்து அம்மா. கன்னடம்தான் பேசுவார், தமிழ் பத்து வார்த்தை தெரியும், அந்தப் பத்தையும் அன்பாகச் சொல்வார். வந்த உடனே மூன்று படிகளையும் இடித்தார். எல்லோரும் முதல் நாளே டிப்ளமோ வகுப்பில் உட்காரட்டும், அதே பாடத்தை வைத்து அதற்கு அடுத்த ஒரு மணி நேரம் துணை வகுப்பு நடக்கட்டும், தெரியாதது அங்கே தீரட்டும் என்றார். நுழைவுச் சோதனையையும் எடுத்துவிட்டார். சோதனைத் தாளைக் கண்டாலே பாதி ஜனம் வாசலோடு திரும்பிவிடுகிறது, பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுவோம், எது சரிப்படும் என்று அவர்களே சொல்லட்டும் என்றார். நான் மனசாரச் சந்தோஷப்பட்டேன். துணை வகுப்பை எனக்குக் கொடுத்தார்.

அந்தப் பத்து நிமிஷப் பேச்சுக்கு நண்பன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான்.

இங்கே எங்கள் ஊர் ஆங்கிலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுரங்கத்தில் துரைகளும், அவர்களுக்குப் பிறகு ஆங்கிலோ இந்திய மேஸ்திரிகளும் பேசிப் பேசி எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளுக்குள் அது நடந்து வந்தது. எங்கள் அப்பாக்களுக்குக் கையெழுத்துப் போட வராது. ஆனால் ஆங்கிலத்தில் திட்ட வரும், கேலி செய்ய வரும், பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்ல வரும். பெங்களூரில் என் நண்பன் வாயைத் திறந்தால் எந்த கான்வென்ட் என்று கேட்பார்களாம். "சாம்பியன் ரீஃப் கான்வென்ட்" என்பானாம். அது அவன் அப்பா இறங்கிய சுரங்கத்தின் பெயர்.

ஏழாவது வரை தமிழில் படித்தோம். எட்டாவதில் ஆங்கில மீடியத்தில் தள்ளினார்கள். வாத்தியார் வாசிப்பார், வகுப்பே சேர்ந்து கத்தும். கத்துவதில் அவனை அடிக்க ஆளில்லை. ஒருமுறை காதில் விழுந்தது அவனுக்குப் போகாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும், அவன் புத்தகம் பல நாள் தலைகீழாகக்கூட இருக்கும். ஒன்பதாவதில் எழுத்துப் பரீட்சை பிடித்துத் தள்ள, நின்றுவிட்டான். தமிழ் சரளமாகப் படிப்பான். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தை ஒவ்வொன்றாகச் சொல்வான். சேர்த்து அச்சடித்த சின்ன எழுத்துகள் அவனுக்கு எறும்பு வரிசை. இப்போது கைபேசி வந்தபிறகு அதுகூட வெளியே தெரிவதில்லை. அவன் பேசுவான், அது தட்டச்சு செய்யும். வந்த செய்தியை அதுவே வாசித்துக் காட்டும். முதல்வருக்கு அவன் அனுப்பிய விண்ணப்பச் செய்தியில் ஒரு பிழை இல்லை.

பத்து நிமிஷத்துக்கு என்று கூப்பிட்டவர் அரைமணி நேரம் அவனோடு பேசினார். லிஃப்ட்டில் மாட்டிய கல்யாண மாப்பிள்ளையின் கதையை அவன் சொல்ல, அறைக்கு வெளியே வரை அவர் சிரிப்பு கேட்டது. துணை வகுப்புக்கூட உங்களுக்கு எதற்கு, விருப்பமிருந்தால் வாருங்கள் என்றாராம்.

கேட்டுக்கு எதிரே டீக்கடையில் வைத்து அவனிடம் சொன்னேன். "படிக்க வராதுன்னு அந்தம்மா கிட்ட நேரா சொல்லிடுடா. அவங்களே ஏதாச்சும் வழி பண்ணுவாங்க."

"இன்னான்னு சொல்றது? இவ்ளோ நேரம் அவங்களோட இங்கிலீஷ்ல பேசிட்டு, எழுத்து தெரியாதும்மான்னா?"

"அதான் நெசம்."

"நெசம் இருக்கட்டும். ரெண்டு வாட்டி மொதல்லேர்ந்து ஆரம்பிச்சவன்டா நானு. ரெண்டு வாட்டியும் அதே ஏ ஃபார் ஆப்பிள். ஆப்பிளே அழுவிப்போச்சு." டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். "ஒரு வருசம்தான் இருக்குது. நீ கம்முனு கூட வா."

கூடப் போனேன். என்னிடம் சேர்ந்தவர்களிலேயே விடாமல் துணை வகுப்புக்கு வந்தவன் அவன்தான். வகுப்புக்குள் என்னை "சார்" என்பான், கேட்டைத் தாண்டினால் "டா". சில நாள் கேட்டுக்கு ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்துக்கொண்டு, "சார், ஒரு பீடி இருந்தா குடுடா" என்பான். மற்ற மாணவர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

பாடத்தை எப்படிப் படிக்கிறான் என்று எனக்குக் கொஞ்ச நாள் புரியவில்லை. பிறகு ஒருமுறை பெங்களூருக்குப் போக வேண்டியிருந்து, மாரிகுப்பத்தில் கிளம்பும் முதல் ரயிலில் அவனோடு ஏறியபோது பார்த்தேன். அந்த ரயிலில் ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு குடும்பம். ஒன்றில் பஜனை, ஒன்றில் சீட்டு, ஒன்றில் பெண்கள் ராத்திரிக்கான அவரைக்காயை உரித்துக்கொண்டு போவார்கள். அவன் பெட்டி படிக்கிற பெட்டியாகியிருந்தது. பங்காருப்பேட்டை வரை கன்டோன்மென்ட் பக்கம் வேலைக்குப் போகும் நர்ஸம்மா பாடத்தை வாசித்தாள். பங்காருப்பேட்டை தாண்டியதும் தாள்கள் கைமாறின. எங்கள் ஊர் பாலகாட் லைனிலிருந்து வரும், கார்மென்ட்ஸில் தைக்கிற பெண் மாலூர் வரை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அதற்கப்புறம் துணிக்கடைப் பையன். என் நண்பன் ஜன்னலில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, விரல்களால் தொடையில் தாளம் போட்டபடி கேட்டான். இடையிடையே கண்ணைத் திறந்து, மடியில் இருந்த தாளில் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டான். எர்த் ஒயர். ஷார்ட் சர்க்யூட். ஆல்வேஸ் ஸ்விட்ச் ஆஃப் தி மெயின் சப்ளை. ஆங்கில வாக்கியங்கள் எங்கள் எழுத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன, வேறு ஊரில் வாடகைக்கு வீடு எடுத்தவர்கள் மாதிரி, கொஞ்சம் இடுக்கிக்கொண்டு.

"அண்ணா, நீங்க பாஸாயிட்டா சர்டிஃபிகேட்டுல எங்க பேரும் போடச் சொல்லணும்," என்றாள் நர்ஸம்மா.

"பேரு இன்னாத்துக்கும்மா, குரூப் போட்டோவே போடச் சொல்றேன்."

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தத் தாளிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

வகுப்பில் அவன் ஜொலித்தான். வேறு சொல் இல்லை. ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வரும். முழு வாக்கியமாக, புத்தகத்தில் இருக்கிறபடி வரும். மாதாந்தரத் தேர்வுகளைப் புதிய முறையில் வாய்மொழியாகவும் செய்முறையாகவும் வைத்திருந்தார்கள், அவற்றிலெல்லாம் அவனே முதல். பார்வையாளர்கள் யாராவது வந்தால் முதல்வர் அவனைத்தான் எழுப்பிப் பேசச் சொல்வார். வேகமான முறைக்கு அவனே சாட்சி. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஏனென்றால் மற்றவர்களுக்கு அது உண்மையாகவே வேலை செய்தது. பழைய முறையில் முதல் விடுமுறையிலேயே காணாமல் போயிருக்கக்கூடிய பேத்தமங்களாவிலிருந்து வரும் பெண் ஒருத்தி, காலையில் கேட்ட பாடத்தை மத்தியானம் என்னிடம் சண்டை போட்டுப் புரிந்துகொண்டு, மாலையில் ஃபேன் ரிப்பேர் செய்துவிட்டுப் போனாள். வேகம் அவளைத் தூக்கிக்கொண்டு போனது. கொஞ்சம் பலவீனமானவர்களை அது தூக்கும். எழுத்தே இல்லாதவனை என்ன செய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒருவன் அந்த வகுப்பில் இருப்பதாக யாருக்கும் தெரியாது.

ஆண்டு முடிவுத் தேர்வு எழுத்துத் தேர்வு. அதை நடத்துவது வாரியம். தாள் வெளியூர் போகும். ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ எழுத வேண்டும். கன்னடத்தில் அவன் சண்டை போடுவான், சமாதானம் பேசுவான், எழுத மட்டும் தெரியாது.

தாங்கமுடியாமல் ஒருநாள் முதல்வர் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவன் காதால் படிக்கிறான், கண்ணால் இல்லை. அவன் சொல்லச் சொல்ல விடையை எழுத ஒரு ஆள் வைக்க வாரியத்திடம் இப்போதே கேளுங்கள், இல்லாவிட்டால் அவனுக்கென்று எழுத்துக்கு மட்டும் தனியாக நேரம் கொடுங்கள் என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் நல்ல மனுஷி, என்னைத் தள்ளிவிடவும் இல்லை. அவனைக் கூப்பிட்டு அனுப்பி, மேசையிலிருந்த புத்தகத்தைத் திறந்து, இதைக் கொஞ்சம் வாசியுங்கள் என்றார்.

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினான். அந்தப் பக்கத்தில் மோட்டாரின் படம் இருந்தது. படத்தை ஒரு கணம் பார்த்தான். பிறகு அந்தப் பாடத்தை முதல் வரியிலிருந்து சொன்னான். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி, பக்கம் முடிகிற இடத்தில் விரலை எச்சில் தொட்டுப் புரட்டி. முதல்வர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு அழகாக வாசிக்கிறீர்கள் என்றார் கன்னடத்தில். பிறகு என்னை வருத்தத்தோடு ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தார்.

வெளியே வந்ததும் அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தான்.

"ஒரே பெஞ்சுல உக்காந்தோம். நீ எழுந்து போயிட்டே, நான் ஒண்ணும் சொல்லல. இப்ப நான் எழுந்துக்குறேன், நீ தோள்மேல கை வச்சி அமுக்குறே."

"நான் உன்னை அமுக்கல. பரீட்சையில மாட்டிக்குவே."

"மாட்டிக்கினா வெளிய எடுக்குறது எப்படின்னு எனக்குத் தெரியும். அதான் என் வேலை."

அதற்குப் பிறகு டீக்கடையிலும் "சார்" என்றான். கேட்டுக்கு உள்ளேயும் சார், வெளியேயும் சார்.

ஆனாலும் துணை வகுப்பை அவன் விடவில்லை. நானும் விடவில்லை. பலகையில் எதை எழுதினாலும் எழுத்தைப் பெரிதாக, பிரித்துப் பிரித்து எழுதினேன், மற்றவர்கள் கண் வலிக்கிறது என்று கேலி செய்தபோதும். அவன் குனிந்து எழுதிக்கொண்டான். எறும்புகள் மெல்லப் பிரிந்து நிற்க ஆரம்பித்தன என்று நினைக்கிறேன். ஒருநாள் பலகையிலிருந்த ஒரு முழு வரியை, யாரும் வாசித்துக் காட்டாத புது வரியை, உதடு அசைய அவனாகவே படித்தான். அதற்குள் மற்றவர்கள் பலகையை இரண்டு தடவை படித்து முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேகத்தில் போனால் கேள்வித்தாளைப் படித்து முடிக்கும்போதே தேர்வு மணி அடித்துவிடும். இன்னும் ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் இருந்திருந்தால். அந்த ஒரு வருஷத்தைத்தான் நாங்கள் முன்னே இரண்டு தடவை அவனிடம் கேட்டு வாங்கி வீணாக்கியிருந்தோம்.

தேர்வு பங்காருப்பேட்டையில். மாணவர்களோடு கல்லூரி என்னை அனுப்பியிருந்தது. வாசலில் நின்றேன், வேப்பமரத்தைச் சுற்றினேன், ரோட்டுக்குப் போய்த் திரும்பி வந்தேன். மணி அடித்ததும் எல்லோரும் வெளியே வந்தார்கள். பேத்தமங்களாப் பெண் தூரத்திலிருந்தே கட்டைவிரலைக் காட்டினாள். கடைசியாக அவன் வந்தான். முகம் தெளிவாக இருந்தது. குழாயில் தண்ணீர் பிடித்து முகம் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தான்.

கேள்வி எப்படிப் படித்தாய் என்று கேட்டேன். எழுத்து பொடியாக இருக்கிறது, கண்ணாடி சரியில்லை என்று கண்காணிக்க வந்த அம்மாவிடம் சொன்னானாம். அவர் பக்கத்தில் வந்து எல்லாக் கேள்வியையும் ஒருமுறை மெதுவாக வாசித்துக் காட்டினாராம். அவனுக்கு ஒருமுறை போதும்.

"எல்லாத்துக்கும் எழுதிட்டேன் சார். ஒண்ணு விடல."

"எழுதினியா?"

"இங்கிலீஷ்லதான் எழுதினேன்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். "எழுத்து மட்டும் நம்ம எழுத்து."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து, கேட்ட எல்லாவற்றுக்கும் சரியான ஆங்கில விடைகளை, முழு வாக்கியங்களாக, தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

"ஏன்டா..." என்று மட்டும் வந்தது.

"திருத்துறவங்க படிச்சிக்குவாங்க சார். நம்ம பக்கம் தமிழ் தெரியாதவங்க யாரு? மார்வாடி கடையிலயே தமிழ்ல கணக்கு எழுதுறான். அவங்களுக்குத் தெரியலன்னா பக்கத்து ஆளைக் கேக்கப் போறாங்க. வாய் விட்டுப் படிச்சா இங்கிலீஷ் தானா வரப்போவுது."

அவன் சமாளிப்பதற்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பினான். நானாக இருந்தாலும் நம்பியிருப்பேனோ என்னவோ. எங்கள் ஊரில் மூன்று மொழி தெரியாத ஆள் கிடைப்பது அரிது. தெரியாத எழுத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டி, என்ன போட்டிருக்கிறது பாருங்க என்று கேட்பது இங்கே வெட்கமில்லை, பழக்கம். அந்த ரயில் பெட்டி அவனுக்குப் பழகிய உலகம். தாளை நீட்டினால் யாராவது வாசிப்பார்கள். விடைத்தாள்கள் வடக்கே, எங்கேயோ தமிழே காதில் விழாத ஒரு மாவட்டத்துக்குப் போயின.

முடிவு வந்த அன்று கல்லூரியில் மைசூர்பாகு கொடுத்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் தேறியிருந்தார்கள். அத்தனை பேர் ஒரே வருஷத்தில் தேறியதை அந்தக் கட்டடம் அதுவரை பார்த்ததில்லை. பேத்தமங்களாப் பெண் அழுதுகொண்டே தின்றாள். செய்முறையில் அவனுக்கு முழு மதிப்பெண். எழுத்துத் தாளுக்கு நேரே பூஜ்யம்.

முதல்வர் தன் செலவில் வாரியத்துக்குப் போய் வந்தார். அந்தத் தாளைக் கண்ணால் பார்த்தாராம். ஒவ்வொரு பக்கத்தையும் கடைசி வரி வரை ஒழுங்காக நிரப்பி, ஒவ்வொரு விடைக்கும் கோடு போட்டு, கையெழுத்து மணி மணியாக இருந்ததாம். அவருக்கும் அதைப் படிக்க முடியவில்லை. விதி என்றால் விதி, அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் என்னிடம் வந்து, நீங்கள் சொன்னீர்கள், நான் அவருடைய குரலைக் கேட்டுவிட்டேன் என்றார். மேசை மீதிருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் குரலுக்கு யாரும் மயங்குவார்கள்.

ஆறு மாதம் காத்திருக்க கான்ட்ராக்ட்டுக்குப் பொறுமை இல்லை. அவனைக் கம்பெனி வெளியே அனுப்பவில்லை, அதே கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங்குக்கு மாற்றியது. மெஷின் ரூமின் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த பருவத்தில் முதல்வர் எனக்கு ஞாயிறு மத்தியானம் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தார், எழுத்து மட்டும் சொல்லித் தர. யார் வேண்டுமானாலும் வரலாம், வந்து படிக்க வராது என்று சொன்னால் போதும் என்றார். கேட்டில் மூன்று மொழியில் போர்டு வைத்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் போர்டு. யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் அதை மாட்டிய பிறகுதான் தோன்றியது. பிறகு டீக்கடை, காய்கறிக்கடை என்று வாயால் சொல்லி வைத்தேன். இரண்டு பெண்கள் வந்தார்கள். ஆண் ஒருவனும் வரவில்லை. ஆங்கிலத்தில் வெளுத்துவாங்குகிற எங்கள் வயசு ஆம்பளை, எனக்கு ஏ பி சி டி தெரியாது என்று அந்த அறைக்குள் வந்து சொல்வதைவிடச் சயனைடு மண்ணில் படுத்துப் புரள்வான். என் நண்பனுக்கு மூன்று முறை ஆள் அனுப்பினேன். வரவில்லை.

அதனால் ஒருநாள் நானே ரயிலேறினேன். பெங்களூரில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை.

அவன் நகர்ந்து இடம் கொடுத்தான். அதே ஆட்கள். துணிக்கடைப் பையன் யாரோடோ சீட்டாடிக்கொண்டிருந்தான். தைக்கிற பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். யார் கையிலும் பாடத் தாள் இல்லை. பங்காருப்பேட்டையில் இஞ்சின் மாற்றும்போது டீ வாங்கிக் கொடுத்தான். மாலூர் தாண்டியதும் கேட்டான்.

"புது கிளாஸ் எப்படிப் போவுது சார்?"

இரண்டு பேர் வருகிறார்கள் என்றேன்.

"எவ்ளோ தூரம் வந்துட்டாங்க?"

"சின்ன எழுத்து முடியப் போவுது. நீயும் வா. ஆறு மாசத்துல மறுபடி பரீட்சை இருக்குது. நீ பாதி தாண்டிட்டே."

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கைகளைப் பார்த்தேன். விரல் இடுக்கில் கிரீஸ் கறை போய், தரை கழுவும் மருந்தின் வெளுப்பு இருந்தது.

"அவங்கள எப்ப அந்தப் பக்கம் உக்கார வைப்பே, டிப்ளமோ பெரிய கிளாஸ்ல?"

"அவசரம் இல்ல. எழுத்து நல்லா வரட்டும்."

திரும்பி என்னை நேராகப் பார்த்தான். அந்த வருஷத்தில் முதல்முறையாக அவன் முகத்தில் கோபத்தைப் பார்த்தேன்.

"அப்படி வைக்காத சார். எழுத்து வரட்டும், எழுத்து வரட்டும்னு உக்கார வச்சா ஒருநாள் எழுந்து வூட்டுக்குப் போயிடுவாங்க. நான் போவல? எழுத்தும் சொல்லிக் குடு, அங்கயும் உக்கார வை. இன்னிக்கே வை. காதுல விழறது விழட்டும்."

"உனக்கு ஆனத பாத்துமா சொல்றே?"

"எனக்கு ஆனது ஆச்சு. ஆனா அந்த ஒரு வருசம் நான் கிளாஸ்ல இருந்தேன் சார். படிகிட்ட நிக்கல. உள்ள இருந்தேன்."

ஒயிட்ஃபீல்டு வந்தது. சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, வழியில் நின்றவர்களைக் கன்னடத்தில் விலகச் சொல்லி, இறங்கிப் போனான். வரட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. பிளாட்பாரத்தில் அத்தனை பேர் ஒரே திசையில் நடந்தார்கள், கொஞ்ச தூரத்துக்கு அவன் சட்டை தெரிந்தது. நான் கன்டோன்மென்ட் வரை போய் இறங்கி, திரும்பி வரும் ரயிலுக்காகச் சாயங்காலம் வரை பிளாட்பாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். அவன் சொன்னது சரியா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு பெண்களையும் கூட்டிப்போய்ப் பெரிய வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார வைத்தேன். மூன்று பேர் உட்காரும் பெஞ்சு. பாடம் தொடங்கியதும் ஒருத்தி பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் கேளுங்க என்று சைகை காட்டினேன். அவள் தன் பையைப் பக்கத்திலிருந்த காலி இடத்தில் வைத்துவிட்டு, பலகையை விட்டு, ஆசிரியரின் வாயைப் பார்க்க ஆரம்பித்தாள்.